எட்டாவது தழும்பு

லண்டனில் ஓவியம் வரைந்து பிழைக்க நினைக்கிற பெண்ணுக்கு ஊர் இரண்டே வழிகளைத் திறந்துவைத்திருந்தது. பூ வரையலாம், இல்லாவிட்டால் பூனை வரையலாம். கெசையா பெல் இரண்டையும் தொடமாட்டாள். அவள் மனிதர்களை வரைவாள். அதுவும் எண்ணெய் வர்ணத்தில், ஆளுயரத்தில், மாளிகைகளின் மாடிப்படிக்கு நேரே மாட்டுகிற அளவில். திமிர் பிடித்தவள் என்று சக ஓவியர்கள் சொன்னார்கள். திமிர்தான். இருக்க வேண்டிய இடத்தில்தானே இருந்தது, யாருக்கு என்ன நஷ்டம்?

அவளுடைய அப்பா லாங் ஏக்கர் தெருவில் கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் அடித்தவர். பிரபுக்களின் வண்டிக் கதவில் குலச்சின்னம் எழுதுவதும், சக்கரத்து ஆரக்கால்களில் மயிரிழைக் கோடு இழுப்பதும் அந்தப் பட்டறையின் வேலை. கெசையா பன்னிரண்டு வயதிலேயே அளவுகோல் இல்லாமல் ஆறடிக் கோடு இழுப்பாள். இது தெரிந்ததும் ஓவிய உலகத்துப் பெரிய மனிதர்கள் அவளுக்கு 'வண்டிக்காரி' என்று பேர் வைத்தார்கள். "ஆமா, வண்டிக்காரிதான். நீங்க அதே மாதிரி ஒரு கோடு இழுங்க, பாப்போம்" என்பாள். இதுவரை ஒருவரும் இழுத்துக் காட்டியதில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அகாடமி என்கிற ஓவியக் கழகத்தின் வருஷக் கண்காட்சியில் ஒரு தடவை அவள் படம் கண்மட்ட வரிசையில் தொங்க வேண்டும். அங்கே தரையிலிருந்து கூரைவரை படங்களை நெருக்கியடித்து மாட்டுவார்கள். கண்மட்டத்தில் தொங்கினால் ஊர் பார்க்கும், கூரையோரம் தொங்கினால் ஒட்டடை பார்க்கும். ஏழு வருஷமாக அனுப்புகிறாள். மூன்று வருஷம் படம் திரும்பி வந்தது, நான்கு வருஷம் ஒட்டடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவளுக்கு முப்பத்து நாலு வயதாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் சர் கத்பர்ட் ரட் அவள் வீட்டுப் படியேறி வந்தார். வடக்கே நார்தம்பர்லாந்துக் கரையில் ஹெர்ரிங் மீனை உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்து விற்க ஆரம்பித்து, பன்னிரண்டு கப்பலுக்குச் சொந்தக்காரர் ஆன மனிதர். போன வருஷம்தான் 'சர்' பட்டம் கிடைத்தது. கென்சிங்டனில் வீடும் வாங்கியாயிற்று. லண்டன் பெரிய மனிதர்கள் அவர் வீட்டு விருந்தை மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, வாசலைத் தாண்டியதும் 'பீப்பாய் சர்' என்று சிரிப்பார்கள். அது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"என் சம்சாரத்த ஆளுயரத்துக்கு வரையணும், மிஸ் பெல்," என்றார். "கறுப்பு வெல்வெட்டு கவுன். அகாடமியில தொங்கணும். எந்தச் சீமாட்டிக்குப் பக்கத்துல மாட்டினாலும் என் ஜெமி ஒரு படி ஒசந்து நிக்கணும்."

"பெரிய பெரிய ஓவியருங்க இருக்காங்களே, என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"ஆம்பள முன்னால மணிக்கணக்கா பொம்ம மாதிரி நிக்க மாட்டேன்னு சொல்லிட்டா. அவ ஒரு தடவ மாட்டேன்னா மாட்டேன்தான்."

கெசையாவுக்குப் பார்க்காமலே அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று.

அக்டோபரில் ஒரு காலை லேடி ஜெமைமா ரட் வந்தார். ஐம்பது வயது, நல்ல உயரம், நிமிர்ந்த முதுகு. முழங்கை வரை வெள்ளைக் கையுறை. கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். உட்காரச் சொல்வதற்குள், "ஏ பொண்ணு, அடுப்பு மூட்டியிருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. குளிருதா?"

"குளிரெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க ஊர்லேர்ந்து பொகை போட்ட ஹெர்ரிங் வந்திருக்கு. வீட்டுல சுட முடியல, பட்லர் மூஞ்சிய சுளிக்கிறான். சம்பளம் குடுக்கிறது நானு, பயப்படுறதும் நானு. நல்லாருக்கா கத?"

படம் வரைகிற அறையில் மீன் வாசனை எழுந்தது. அடுப்பில் வாட்டிய மீனைத் திருப்பிப்போட லேடி ரட் கையுறைகளைக் கழற்றினார். கெசையா கையிலிருந்த ரொட்டியை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அகலமான கைகள். மூட்டுகள் தடித்திருந்தன. உப்பில் ஊறிச் சிவந்த தோல், இருபத்தைந்து வருஷம் பன்னீரும் வாசனைத் தைலமும் போட்டும் மசியவில்லை. விரல்களில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைத் தழும்புகள். அந்தக் கைகள் மீனைத் தொட்டன, ஒரு இழுப்பு, முதுகெலும்பு முழுசாகக் கையோடு வந்துவிட்டது. இவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலையைச் செய்கிற கைகளைக் கெசையா பட்டறையை விட்டபின் பார்க்கவே இல்லை.

"கத்தி பட்டதாம்மா?"

"பின்ன பூனையா பிறாண்டிச்சு? பதினாலு வயசுலேர்ந்து மீன் ஆஞ்சவ நான். நிமிஷத்துக்கு அறுபது. குடல உருவி, தரம் பிரிச்சு, பின்னால இருக்கிற தொட்டியில திரும்பிப் பாக்காம போடணும். வெரலுக்கெல்லாம் துணி சுத்திக் கட்டிக்குவோம். கட்டி என்ன, கத்திக்குக் கண்ணா இருக்கு? ஆனா எங்க கரையில ஒருத்தி என்னை முந்தினதில்ல. எங்க வீட்டுக்காரரு கொட்டாயிலதான் வேலை செஞ்சேன்."

"படத்துல கையுற வேண்டாம்மா."

லேடி ரட் நிமிர்ந்தார். "இந்தக் கையவா வரையப்போற?"

"இந்தக் கையத்தான்."

அவர் கெசையாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, உன் தலையெழுத்து. இந்தா, மீனத் தின்னு. ஆறிப்போவுது."

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. நாற்காலி முதுகின்மேல் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு லேடி ரட் நிற்பார். நின்றபடியே ஒவ்வொரு தழும்புக்கும் கதை சொல்வார். சுண்டுவிரலில் இருப்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தது. நடுவிரலில் நீளமாக ஓடுவது, அப்பாவின் படகு திரும்பி வராத அன்று அழுதுகொண்டே மீன் ஆய்ந்தபோது பட்டது. கட்டைவிரலில் இருப்பது யார்மத் துறையில் பந்தயம் ஜெயித்த அன்றைக்கு. ஆக மொத்தம் ஏழு. ஏழையும் கெசையா அளவெடுத்த மாதிரி வரைந்தாள்.

ஒரே ஒரு இடம்தான் இடித்தது. லேடி ரட்டின் வலது கட்டைவிரல் இடது ஆள்காட்டி விரலின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்தது.

"கட்டவெரலக் கொஞ்சம் தளத்துங்கம்மா. இறுக்கமாத் தெரியுது."

"அது அப்பிடித்தான் இருக்கும்."

"அடியில என்ன இருக்கு?"

"எட்டாவது இருக்கு. அது ஊருக்கு இல்ல. நீ கண்ணுக்குத் தெரியிறத வரை."

கெசையா தோளைக் குலுக்கிவிட்டு, கட்டைவிரலை இருந்தபடியே வரைந்தாள். மார்ச் மாதம் முதல் வாரம் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு எட்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். கறுப்பு வெல்வெட்டிலிருந்து அந்த முகமும் அந்தக் கைகளும் வெளிச்சத்துக்கு வந்து நின்றன. தான் வரைந்ததிலேயே இதுதான் உசத்தி என்று அவளுக்குத் தெரிந்தது. அதை வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். தன்னடக்கம் என்பதெல்லாம் கூரையோரம் தொங்குகிறவர்களுக்கு.

சர் கத்பர்ட் மறுநாள் மனைவியோடு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படத்தின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு பார்வை கீழே இறங்கியது.

"மிஸ் பெல், இது என்ன?"

"கை."

"கைன்னு தெரியுது. இத எதுக்கு வரைஞ்சீங்க?"

"அவங்களுக்கு இருக்கிறது இதுதானே, சார்."

"நல்லா வந்திருக்கும்மா, நான் இல்லேங்கல. ஆனா இந்த ஊர்க்காரங்க பேசுறது உங்களுக்குத் தெரியாது. பீப்பாய்ம்பாங்க, மீன்காரிம்பாங்க. என்னைச் சொல்லட்டும், எனக்குத் தோலு தடிப்பு. ஜெமியச் சொன்னா என்னால தாங்க முடியாது. மத்தவங்கல்லாம் கைக்குன்னு தனியா ஆள் வெச்சு வரையிறாங்களாமே, அப்பிடி வரைஞ்சிடுங்க."

"அது வேற யாரோட கையோ ஆயிடுமே!"

"இந்தக் கையோட இந்தப் படம் வாசலத் தாண்டாது. அகாடமிக்கும் போகாது. அவ்வளவுதான்."

படம் அவருடையது. அவர் சொன்ன வழக்கமும் லண்டனில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீமாட்டிகளுக்கு முகத்தைக் காட்டி உட்காரவே பொழுது போதாது, கையைக் காட்டி யார் உட்காருவார்கள்? அதற்கென்று அழகான கையுள்ள பெண்கள் இருந்தார்கள். முகம் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையது என்று பாதி லண்டன் மாளிகைச் சுவர்களில் நின்றது. யாரும் அதைப் பொய்யென்று நினைக்கவில்லை.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கெசையா ஒப்புக்கொண்டாள். ஏழு வருஷம், கண்மட்ட வரிசை, முப்பத்து நாலு வயது. எல்லாம் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிட்டன.

லேடி ரட் கையுறைகளை மாட்டிக்கொண்டார். கணவர் படியிறங்கியபின் வாசலில் நின்று, "அவர் மேல கோவப்படாத, பொண்ணு," என்றார். "புயல்ல பாய் கிழிஞ்சப்பகூடப் பாட்டுப் பாடின மனுஷன். இந்த ஊருக்கு வந்து டீக்கோப்பைக்குப் பயப்படுறாரு. என் கைய நான் ஒருநாளும் வெறுத்ததில்ல. ஆனா படம் உன்னுது, அதுல பேரும் உன்னுது. நீ பாத்துக்க."

அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

புதுக் கைகளை வரைவதற்கு முன்னால் கெசையா ஒரு காரியம் செய்தாள். அலமாரி மேல்தட்டிலிருந்து அப்பாவின் பட்டறை வார்னிஷை எடுத்து, வரைந்த கைகளின்மேல் இரண்டு பூச்சுப் பூசி, அடுப்புப் பக்கத்தில் நாலு நாள் காயவைத்தாள். கோச்சு வண்டிக்காரர்களின் வார்னிஷ் காய்ந்தால் கல். லாங் ஏக்கரில் வண்டிக்கதவுக்கு முதலில் வார்னிஷ் அடித்துவிட்டு, அதன்மேல்தான் குலச்சின்னம் எழுதுவார்கள். வண்டி கைமாறினால் சின்னம் துடைத்ததும் போக வேண்டும், வண்டியின் வர்ணத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இது பட்டறைச் சட்டம். எதற்கு இப்போது இதைச் செய்தாய் என்று கேட்டிருந்தால், பழக்கதோஷம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஐந்தாம் நாள் டல்சி மாப் வந்தாள். ஊரில் பேர்பெற்ற கைக்காரி. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ஜோடிக் கையுறை போட்டிருந்தாள். கதவைத் தானாகத் திறக்கமாட்டாள், கெட்டிலைத் தொடமாட்டாள். வந்ததும் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, போலீசிடம் பிடிபட்டவள் மாதிரி ஐந்து நிமிஷம் நின்றாள்.

"என்னம்மா இது?"

"ரத்தம் எறங்கணும் மிஸ். எறங்கினாத்தான் வெள்ளையாத் தெரியும், பிரபு வம்சத்துக் கை மாதிரி. போன வாரம் நான் ஒரு கவுண்டஸ். செவ்வாக்கெழம பாங்கிக்காரர் பொண்டாட்டி. மூஞ்சிய மட்டும் எவனும் கேக்க மாட்டேங்குறான்."

"சுண்டுவெரல் ஏன் இப்பிடி வெளிய வளைஞ்சிருக்கு?"

"பொறவியிலேயே அப்பிடி. அதுதான் எல்லாருக்கும் புடிக்குது. டீ குடிக்கிற ஒய்யாரம் தெரியுதாம்."

கைகள் வந்து சேர்ந்தன. மெலிந்து, வெளுத்து, சுண்டுவிரல் ஒய்யாரமாக. சர் கத்பர்ட் பார்த்துத் தலையாட்டினார். படம் அகாடமிக்குப் போயிற்று. ஏப்ரல் கடைசியில் செய்தி வந்தது. ஏற்றுக்கொண்டாயிற்று, மூன்றாம் அறை, கண்மட்ட வரிசை. பழம் நழுவிப் பாலில் விழுந்ததுதான். கெசையா ஓடிப்போய் ஒரு முழு இஞ்சிக் கேக் வாங்கி வந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதியோடு மூடி வைத்துவிட்டாள்.

கண்காட்சி திறப்பதற்குமுன் வார்னிஷ் நாள் என்று ஒன்று உண்டு. படம் வைத்தவர்கள் மட்டும் உள்ளே போகலாம். சுவரில் தொங்குகிற படத்தின்முன் ஏணி போட்டுக்கொண்டு கடைசிப் பூச்சுப் பூசலாம், மங்கினதைப் பளிச்சென்று ஆக்கலாம், திருத்தலாம். கெசையா வர்ணப்பெட்டியோடு மூன்றாம் அறைக்குள் நுழைந்தாள். அவள் படம் அவள் கண்ணுக்கு நேராக நின்றது. ஒரு நிமிஷம் உலகத்தில் வேறெதுவும் இல்லை.

பிறகு பக்கத்துப் படத்தைப் பார்த்தாள். அது ஆக்டேவியஸ் டிரேல் வரைந்த ஒரு கவுண்டஸ். கழகத்தின் முழு உறுப்பினர், 'வண்டிக்காரி' என்ற பேரை வைத்ததே அவர்தான். கவுண்டஸின் மடியில் மெலிந்து வெளுத்த ஒரு கை இருந்தது. சுண்டுவிரல் வெளியே வளைந்திருந்தது. கெசையா திரும்பினாள். எதிர்ச்சுவரில் பாங்கிக்காரர் மனைவி. அதே கை. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நீதிபதியின் மகள், அந்தப் பக்கம் ஒரு விதவைச் சீமாட்டி. அதே சுண்டுவிரல். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? ஒரே அறையில் ஐந்து பெரிய இடத்துப் பெண்கள், ஐந்து பேருக்கும் சேர்த்துக் கை ஒரு ஜோடிதான்.

"என்னம்மா வண்டிக்காரி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று டிரேல் தூரிகையோடு வந்தார்.

அவள் ஒவ்வொன்றாகக் கைகாட்டினாள். டிரேல் எண்ணினார். முகம் வெளுத்தது.

"அடிப் பாவி டல்சி! இந்தக் கோணம் உங்களுக்கு மட்டும்தான் சார்னு சொன்னாளே!"

"எல்லார்கிட்டயும் அப்பிடித்தான் சொல்லியிருக்கா, சார்."

"வெள்ளிக்கெழம பத்திரிகைக்காரனுங்க வர்றானுங்க. லண்டன் பூராவுக்கும் ஒரே ஜோடிக் கைதானான்னு கேட்டு எழுதுவானுங்க. நம்ம மானம் கப்பலேறும்." தாடியைத் தடவினார். அவர் பழந்தின்று கொட்டை போட்டவர், வழி கண்டுபிடிக்க அரை நிமிஷம்தான் ஆயிற்று. "விசிறி! விசிறி ஒண்ணு வரைஞ்சு மூடிடுவோம். நீயும் ஒண்ணு போட்டுடு. அரமணி நேர வேலை."

சேதி அறைக்குள் பரவியது. ஏணிகள் சரசரவென்று நகர்ந்தன. கவுண்டஸ் கைக்கு விசிறி வந்தது. பாங்கிக்காரர் மனைவிக்குச் சரிகைக் கைக்குட்டை. நீதிபதி மகளின் மடியில் எங்கிருந்தோ ஒரு குட்டி நாய் ஏறி உட்கார்ந்தது. விதவைச் சீமாட்டிக்கு இன்னொரு விசிறி.

கெசையாவும் தீக்கோழி இறகு விசிறிக்கு வெள்ளையும் சாம்பலும் குழைத்தாள். யோசித்துப் பார்த்தால் இதைவிட நல்ல வழி இல்லை. சர் கத்பர்டுக்கு வருத்தமில்லை, பத்திரிகைக்காரனுக்கு வேலையில்லை, கண்மட்ட வரிசை பத்திரமாக இருக்கும். தூரிகையைத் தூக்கினாள். ஜெமைமா ரட் படத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிஷத்துக்கு அறுபது மீன் ஆய்ந்தவளுக்குத் தீக்கோழி விசிறியா? முதலில் ஒரு பொய்யைப் பூசினாள், இப்போது பொய்க்குமேல் பொய். கெசையாவுக்குக் கோபம் வந்தது. டிரேல்மேல் இல்லை, சர் கத்பர்டுமேல் இல்லை, தன்மேலேயே. ஏழு வருஷம் காத்துக்கிடந்து கண்மட்டத்துக்கு வந்தது எவள் கையையோ காட்டவா? அதுவும் கூச்சப்பட்டு விசிறியால் மூடிக் காட்டவா? இதற்குக் கூரையோரம் எவ்வளவோ மேல். ஒட்டடைக்காவது உண்மையைக் காட்டியிருந்தாள்.

தூரிகையைக் கீழே வைத்தாள். பழைய துணி ஒன்றை எடுத்து டர்பன்டைனிலும் சாராயத்திலும் நனைத்தாள்.

"ஏய், ஏய்! என்ன பண்ற?" டிரேல் அலறினார். "அடியில இருக்கிறதெல்லாம் சேந்து வந்துடும்!"

"வராது. அடியில வண்டி வார்னிஷ் இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, நிச்சயமில்லை. வண்டிக்கதவில் ஆயிரம் தடவை பார்த்த வேலை, படத்தில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. வளைந்த சுண்டுவிரலில் துணியை வைத்தாள். மெதுவாகத் தேய்த்தாள். வெள்ளை வர்ணம் இளகித் துணிக்கு வந்தது. இன்னொரு தேய்ப்பு. அடியில் சிவப்பு தெரிந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தாள், சிவப்பு ஒட்டவில்லை. மூச்சை விட்டுவிட்டு மறுபடி தேய்த்தாள். தடித்த மூட்டு வந்தது, முதல் வாரத்துத் தழும்பு வந்தது, அப்பாவின் படகு வராத நாளின் தழும்பு வந்தது. லாங் ஏக்கர் வார்னிஷ் இம்மிகூட அசையவில்லை. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, வண்டிக்காரிதான் நான் என்று.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கைகள் முழுசாக வெளியே வந்துவிட்டன. டிரேல் விசிறித் தூரிகையோடு வந்து நின்றார். தூரிகையைத் தாழ்த்தினார்.

"இத வரைஞ்சிட்டா அதுக்குமேல அந்தக் கண்றாவியப் பூசினீங்க?"

"ஆமா."

"ஒங்கள நிக்கவெச்சு உதைக்கணும், மிஸ் பெல்," என்றார். அவர் வாயில் 'வண்டிக்காரி' வராமல் போனது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை தனிக்காட்சி. சீட்டு வாங்கிய பெரிய மனிதர்களும் பத்திரிகைக்காரர்களும் மட்டும் வருகிற நாள். மூன்றாம் அறையில் கூட்டம் பட்டும் வாசனையுமாக நெருக்கியது. அந்த வருஷம் விசிறிகள் அதிகமாக இருப்பதாகச் சிலர் பேசிக்கொண்டார்கள். குட்டி நாயை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கூட்டம் கட்டி நின்றது கெசையாவின் படத்தின் முன்னால்தான். வந்தவர்கள் முதலில் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள், பிறகு நகர மறந்தார்கள். கெசையா ஓரமாக நின்றாள். முதுகை வளைக்கவில்லை.

சர் கத்பர்ட் மனைவியோடு வந்தார். கூட்டத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். அங்கேயே நின்றுவிட்டார். திரும்பிக் கெசையாவைத் தேடிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார்.

"தொடச்சு வெச்சிருக்கேன், சார். நீங்க மொதல்ல பாத்த படம்தான் இது."

"எறக்கச் சொல்லுங்க. இப்பவே."

"கண்காட்சி முடியிற வரைக்கும் யாராலயும் எறக்க முடியாது. என்மேல கோவப்படுங்க, ஏத்துக்கிறேன். இனிமே லண்டன்ல எனக்கு ஒரு வேலையும் கெடைக்காம பண்ணுங்க, அதுவும் சரி. ஆனா இதுல என் பேரு இருக்கு. இன்னொருத்தி கைக்குக் கீழ என் பேரு நிக்காது."

அவர் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து ஒரு இளைஞனின் குரல் கேட்டது. சட்டையில் பூ செருகிய, வேலைவெட்டி இல்லாத பெரிய இடத்துப் பிள்ளை. "மூக்கப் புடிச்சுக்கங்க, படத்துலேர்ந்து பீப்பாய் வாசன அடிக்குது. இந்தக் கையால பரிமாறினத சாப்பிட்டிருக்கோமே, ஐயோ!"

நாலு பேர் சிரித்தார்கள்.

சர் கத்பர்ட் இத்தனை மாதமாகப் பயந்த வார்த்தை வந்தேவிட்டது. வருவதற்கு முன்பு இருந்த பயம், வந்தபின் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. கழுத்து சிவந்தது. புயலில் பாய்மரத்து ஆளைக் கூப்பிடுகிற தொண்டையில், அறையே திரும்பிப் பார்க்கும்படி, "தம்பி, இங்க வா," என்றார்.

பூ செருகியவன் வந்தான். வராமல் இருக்க முடியாத குரல் அது.

"இந்தக் கை நிமிஷத்துக்கு அறுபது மீன் ஆயும். நீ அறுபது வரைக்கும் எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆஞ்சு முடிச்சிருக்கும். வட கரையில இதுக்கு ஈடு கெடையாது. என் கப்பல் பன்னெண்டும் இந்தக் கையிலேர்ந்துதான் வந்திச்சு. நல்லாப் பாரு. இது மொத வாரத்துல பட்டது. இது அவ அப்பன் கடலோட போன அன்னிக்கு. இது யார்மத்ல ஜெயிச்சப்ப. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு." சட்டென்று நிறுத்தினார். படத்துக்கு மூக்கு இடிக்குமளவு குனிந்தார். "ஏழுதான் இருக்கு. மிஸ் பெல், ஒண்ணு கொறையுது!"

"கொறையல," என்றார் ஜெமைமா பின்னாலிருந்து. "கட்டவெரலுக்கு அடியில இருக்கு. அது ஊருக்கில்ல."

"ஊருக்கில்லையா? அதுதானே முக்கியம்!" சர் கத்பர்ட் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோயிருந்தது. "கொட்டாய வாங்கின அன்னிக்கு நான் மொத மொதல்ல உள்ள நொழைஞ்சேன். நாப்பது பொண்ணுங்க குனிஞ்சு ஆஞ்சுக்கிட்டிருக்காங்க. இவ ஒருத்தி மட்டும் நிமிந்து என்னைப் பாத்தா. வேலைக்கு வந்த நாள்லேர்ந்து கையில இருக்கிற மீன விட்டு கண்ண எடுக்காதவ, அன்னிக்கு எடுத்தா. கத்தி நழுவிச்சு. அதுதாங்க எட்டாவது."

"கத்பர்ட்! சும்மா இரு," என்றார் ஜெமைமா. காதுவரை சிவந்துவிட்டது. "ஏழையும் மறைக்கணும்னு குதிச்சே. நான் மறைச்சு வெச்சது ஒண்ணே ஒண்ணு. அதைப் போட்டு ஒடைச்சிட்டியே!"

அறை முழுக்கச் சிரித்தது. இப்போது சிரித்தது வேறு சிரிப்பு. பூ செருகியவன் எப்போது நழுவினான் என்று யாரும் கவனிக்கவில்லை. ஜெமைமா வலது கையுறையைக் கழற்றினார், இடது கையுறையையும் கழற்றினார், இரண்டையும் கணவரின் தொப்பிக்குள் போட்டார். அவர் மனைவியின் இடது கையை எடுத்து, ஆள்காட்டி விரலின் அடியில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டார். படத்தில் இருக்கிற அதே இடம்.

கெசையா படத்தைப் பார்த்தாள். குளிர்காலம் முழுக்க அவளை இடித்த அந்தக் கட்டைவிரல். தளர்த்தச் சொல்லிக் கேட்காதபோது, காரணம் தெரியாமலே இருந்தபடி வரைந்துவைத்த விரல். அதன் இறுக்கம் எட்டடி தூரத்திலிருந்தும் தெரிந்தது. படத்தின் கீழ் மூலையில் அளவுகோல் இல்லாமல் இழுத்த நேர்க்கோட்டின்மேல் கெசையா பெல் என்று எழுதியிருந்தது, எல்லோர் கண்ணுக்கும் நேராக.